மேட்டை விற்று வயலை வைத்துக்கொள்ளலாமா? நிலக்கரிக் குழி ஓரத்தில் ஒரு குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு

இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தான் மாகாணத்தில், மகாகம் ஆற்றுக்கு அக்கரையில் தெங்காரோங் செபராங் என்று ஒரு வட்டாரம். 1980களில் அரசின் குடியேற்றத் திட்டத்தில் ஜாவா, பாலி, லொம்போக் தீவுகளிலிருந்து வந்தவர்கள் காட்டைத் திருத்தி வயலாக்கிய ஊர்கள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. குடியேற்றத் திட்டத்தின் வழக்கமான அளவு குடும்பத்துக்கு 2 ஹெக்டேர்: வீட்டுக்கும் கொல்லைக்கும் கால் ஹெக்டேர், முதல் சாகுபடி நிலம் முக்கால் ஹெக்டேர், இரண்டாவது சாகுபடி நிலம் 1 ஹெக்டேர். இன்றைக்கு அந்த ஊர்களைச் சுற்றி நிலக்கரிக் குழிகள். எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் கப்பலிலிருந்து இறங்கும் கரியில் கலிமந்தான் கரியும் உண்டு என்பதால் நமக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

நிலக்கரித் தரப் பரிசோதனை வேலைக்காக மாகாணத் தலைநகரான சமரிண்டாவில் இருந்த காலத்தில் இப்படி ஒரு ஊரில் ஒரு குடும்பத்தோடு பழக்கம் ஏற்பட்டது. பெரியவருக்கு அறுபது தாண்டிவிட்டது. மூத்த மகன் சுரங்கத்திலேயே லாரி ஓட்டுகிறார், இளையவர் அப்பாவோடு வயலில் நிற்கிறார். வீட்டுக்குப் பின்னால் சரிவில் ரப்பரும் மிளகும். சரிவின் அடியில் நெல் வயல். சுரங்க நிறுவனத்தின் நிலப் பிரிவு ஆள் வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: மேட்டு நிலத்துக்கு இப்போதே பணம், வயலைப் பற்றிப் பிறகு பேசலாம். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவதா, மேட்டை மட்டும் விற்பதா, குத்தகைக்கு விடுவதா, முடியாது என்று சொல்வதா? அவர்களுக்குச் சொன்னதையும், சொல்லியிருக்க வேண்டியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விலைக்கு முன்னால் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி மண்ணுக்கு அடியில் இருக்கும் கனிமம் அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி முழு உரிமையான 'ஹக் மிலிக்' கையில் இருந்தாலும் கீழே உள்ள கரி உங்களுடையது அல்ல. ஆனால் 2009ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: சுரங்க அனுமதி என்பது மேல்நிலத்தின் உரிமை ஆகாது. கரி எடுக்கத் தொடங்குவதற்கு முன் நிலத்துக்காரரோடு கணக்குத் தீர்த்தாக வேண்டும். ஆகவே கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. "அனுமதி ஜகார்த்தாவிலிருந்து வந்தாகிவிட்டது, நீங்கள் மறுத்தாலும் தோண்டுவோம்" என்று யாராவது சொன்னால் அது சட்டம் அல்ல, மிரட்டல்.

அதே சட்டத்தின் 136ஆம் பிரிவில், இந்தக் கணக்குத் தீர்ப்பைத் தேவைக்கேற்பப் படிப்படியாகச் செய்யலாம் என்றும் இருக்கிறது. மேட்டை முதலில் வாங்குவதும் வயலைப் பிறகு பேசுவதும் இந்த வழியாகத்தான் வருகிறது. 162ஆம் பிரிவோ, நிலக் கணக்கை முறையாக முடித்துவிட்ட சுரங்கத்தின் வேலையைத் தடுத்தால் ஓராண்டு வரை காவல் அல்லது 10 கோடி ரூபியா வரை அபராதம் என்கிறது. பக்கத்து நிலம் விற்றுப் போன பிறகு அதன் வழியை மறித்து உட்காருகிறவர் மேல் இது பாயக்கூடும். எதிர்ப்புக்குச் சட்டத்தில் பலம் இருப்பது விற்பனைக்கு முன்புதான்.

அடுத்தது காகிதம். ஊரில் பாதிப் பேரிடம் 'சர்டிபிகாட் ஹக் மிலிக்' இருக்கிறது. மீதிப் பேரிடம் கிராமத் தலைவர் எழுதிக் கொடுத்த 'சுராத் கெதராங்கான் தானா' என்ற நிலச் சான்று, அல்லது முத்திரைத் தாளில் எழுதிய பழைய விற்பனைச் சீட்டு. முன்னது நம்மூர்ப் பட்டாவையும் பத்திரத்தையும் விட வலுவானது. பின்னது, அனுபவத்தில் இருக்கிறார் என்பதற்கு ஊர் சொல்லும் சாட்சி மட்டுமே. முழு உரிமை இருப்பவரோடு பேசும்போது 'இழப்பீடு' என்கிறார்கள். காகிதம் மெலிந்தவரோடு பேசும்போது பேச்சு 'தாலி ஆசிஹ்' என்ற அன்புத் தொகைக்கு இறங்கிவிடுகிறது. அன்புத் தொகை என்றால் கொடுப்பவர் மனசுபோல. பழைய வழக்கப்படியான நிலச் சீட்டுகளுக்கு 2021ஆம் ஆண்டின் 18ஆம் எண் அரசாணை ஐந்தாண்டுக் கெடு வைத்தது. அந்தக் கெடு 2026 பிப்ரவரி வரைதான். அதற்குப் பிறகு அவை உரிமைக்கான ஆதாரமாக நிற்காது, நிலம் எங்கே இருக்கிறது என்பதற்கான குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். நிலம் அரசின் வன எல்லைக்குள் வரையப்பட்டிருந்தால் சான்றிதழே கிடைக்காது. அப்படி இருக்கிறதா என்று மாவட்ட நில அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

மேலே சொன்ன குடும்பத்திடம் வயலுக்கும் வீட்டுக்கும் சான்றிதழ் இருந்தது, மேட்டுக்கு இல்லை. 2017 முதல் நடக்கும் 'பெதேஎஸ்எல்' ஒட்டுமொத்தப் பதிவுத் திட்டத்தில் ஊர் சேர்ந்தால் மிகக் குறைந்த செலவில் வாங்கிவிடலாம். ஜாவாவில் ஊரில் வாங்கும் ஆயத்தக் கட்டணம் 1,50,000 ரூபியாதான், வெளித் தீவுகளில் கொஞ்சம் கூடுதல். அங்கே நம் காசில் ஆயிரம் சொச்சம் ஆகும். இதைச் செய்யாமல் விலை பேசுவது, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நஷ்டம்.

சரி, முதல் வழி: எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவது. இந்தோனேசியாவில் ஒரு நிறுவனம் ஹக் மிலிக் வைத்துக்கொள்ள முடியாது. அந்த உரிமை தனிக் குடிமகனுக்கானது. அதனால் நிறுவனத்துக்கு நிலம் போவது சாதாரண விற்பனைப் பத்திரத்தில் அல்ல, உரிமையைக் கைவிடும் பத்திரத்தில். நீங்கள் கைவிடுகிறீர்கள், நிலம் அரசு நிலமாகிறது, நிறுவனம் அதன் மேல் காலவரம்புள்ள உரிமை ஒன்றை வாங்குகிறது. சுரங்கம் மூடிய பிறகு "எங்கள் நிலம்தானே, திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்க அந்தக் காகிதத்தில் இடமே இல்லை. ஊரில் பலர் இதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புரிந்துகொள்கிறார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஹெக்டேருக்கு 4 டன் நெல் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் ஹெக்டேரில் போகத்துக்கு 3 டன், இரண்டு போகத்துக்கு 6 டன். 2025இல் அரசு நிர்ணயித்த கொள்முதல் விலை கிலோவுக்கு 6,500 ரூபியா. ஆண்டுக்கு 3 கோடியே 90 லட்சம் ரூபியா, நம் பணத்தில் சுமார் 2 லட்சம். உரம், கூலி, உழவு இயந்திர வாடகை போகப் பாதி நிற்கலாம். இதோடு சாப்பாட்டு அரிசி, மிளகு, ரப்பர் பால், கொல்லையில் வாழையும் மரவள்ளியும். நிலப் பிரிவு ஆள் சொல்லும் தொகை இந்த ஆண்டு வருமானத்தின் எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். பத்து மடங்கு என்றால் கேட்கப் பெரிய தொகையாகத்தான் இருக்கும். ஆனால் இளைய மகனுக்கு இன்னும் முப்பது ஆண்டு உழைக்கும் வயது இருக்கிறது.

மொத்தமாக வரும் பணம் என்ன செய்யும் என்பதற்குக் கிழக்கு ஜாவாவின் தூபான் மாவட்டத்து சுமுர்கெனெங் கிராமத்தைத்தான் சொல்ல வேண்டும். அங்கே வந்தது சுரங்கம் அல்ல, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 2021 தொடக்கத்தில் இழப்பீடு வந்து சேர, கிராமத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட புதுக் கார்கள் வரிசையாக வந்து இறங்கின. நாடு முழுக்க அந்தப் படம் ஓடியது. ஓராண்டு கழித்து அதே பகுதி மக்கள், வாக்குக் கொடுத்த வேலை கிடைக்கவில்லை, மாட்டை விற்றுச் சாப்பிடுகிறோம் என்று ஆலை வாசலில் நின்றார்கள். கார் வாங்கியதற்காக அவர்களைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். நிலம் ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டிருந்தது. பணத்தை அப்படிக் கொடுக்க வைக்கும் வழியை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஆகவே முழு விற்பனை யாருக்குச் சரி? போகிற இடம் கையில் இருப்பவருக்கு. பக்கத்து மாவட்டத்தில் நீர்ப்பாசனம் உள்ள வயல் ஒன்றை விலை பேசி வைத்துவிட்டு, அதன் விலையை அடிப்படையாக வைத்து இங்கே தொகை கேட்பவருக்கு. விற்பவரின் வருமான வரி 2.5 சதவீதத்தை யார் கட்டுவது என்பதையும் பேச்சிலேயே முடித்துவிட வேண்டும். குழியின் விளிம்பு ஏற்கெனவே வீட்டை நெருங்கிவிட்டவருக்கும் விற்பதுதான் சரி. சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2012ஆம் ஆண்டு விதிப்படி குழிக்கும் குடியிருப்புக்கும் குறைந்தது 500 மீட்டர் இடைவெளி வேண்டும். அதை மீறிவிட்ட இடத்தில் விதியை நம்பிக் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். 2018 நவம்பரில் குத்தாய் கர்த்தாநகரா மாவட்டத்து சங்கா-சங்காவில் சுரங்கத்தை ஒட்டிய மண் சரிந்து வீடுகளும் சாலையும் இடிந்து விழுந்தன.

இரண்டாவது வழிதான் எல்லோருக்கும் பிடித்தது: மேட்டை விற்பது, வயலை வைத்துக்கொள்வது. பெரியவரும் அப்படித்தான் நினைத்தார். ரப்பர் மரம் கிழடாகிவிட்டது, மிளகுக் கொடியில் வாடல் நோய், அந்தச் சரிவை வைத்து என்ன செய்வது? பணம் வந்தால் வீட்டைச் சரிசெய்யலாம், நெல்லும் கையில் இருக்கும். கேட்கும்போது நடுநிலையான, புத்திசாலித்தனமான முடிவு மாதிரித்தான் இருக்கும். நான்கு வழிகளில் மிக மோசமானது இதுதான் என்பது என் முடிவு.

காரணம் தண்ணீர். கரி எடுக்க வேண்டுமானால் அதற்கு மேலே கிடக்கும் பாறையையும் மண்ணையும் அள்ளிக் கொட்ட வேண்டும். அந்தப் பாறையில் பல இடங்களில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த தாது இருக்கிறது. பூமிக்கு அடியில் இருக்கும் வரை அது யாருக்கும் தொந்தரவு இல்லை. மேலே வந்து காற்றும் மழையும் பட்டால் அமிலம் ஊறத் தொடங்கும். அந்த அமிலத் தண்ணீர் இரும்பையும் மாங்கனீஸையும் கரைத்துக்கொண்டு சரிவில் இறங்கும். வாய்க்காலில் ஆரஞ்சு நிறத்தில் சேறு படிந்திருந்தால் அதுதான். ஆண்டு முழுக்க மழை பெய்யும் ஊர் அது. அமிலம் இல்லாவிட்டாலும் களிமண் சேறு வரும். நடவு வயலில் விரற்கடை உயரத்துக்குச் சேறு படிந்தால் நாற்றின் தூர் மூடிப்போகும், அந்தப் போகம் போனது போனதுதான்.

நிறுவனங்கள் இதைத் தடுக்கப் படிவுக் குட்டைகள் வெட்டியாக வேண்டும். குட்டையிலிருந்து வெளியேறும் தண்ணீரின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, 6க்கும் 9க்கும் நடுவிலும், மிதக்கும் கசடு லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று 2003 முதல் விதி இருக்கிறது. ஒழுங்காக நடத்தும் சுரங்கங்களில் குட்டை மூன்று நான்கு அறைகளாக இருக்கும், வாயில் சுண்ணாம்பு மூட்டைகள் அடுக்கியிருக்கும், ஒரு ஆள் நாள்தோறும் அளவு எடுத்து எழுதுவார். அது பகல் வேலை. ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டும் மழையில் கரை உடைந்தால் தண்ணீர் எழுதிக் கேட்டுக்கொண்டு இறங்காது. சமரிண்டா ஓரத்து மக்ரோமன் நெல் விவசாயிகள் சுரங்கச் சேறு வயலில் இறங்கியது பற்றி ஆண்டுக்கணக்காக முறையிட்டவர்கள்.

இன்னொன்று, கிணறு. குழி கிணற்றை விட ஆழமாகப் போகும்போது சுற்றியுள்ள நிலத்தடி நீர் அதை நோக்கி இறங்கும். வெயில் மாதத்தில் கிணறு முன்பை விடச் சீக்கிரம் அடிதட்டும். ஆகவே மேட்டை விற்கிறவர் வயலின் தண்ணீரையும் சேர்த்துத்தான் விற்கிறார், ஆனால் விலை வாங்குவது மேட்டுக்கு மட்டும். அடுத்த ஆண்டு வயல் விளையாமல் போகும்போது நிறுவனம் அதே வயலை வாங்க வரும். அப்போது அது விளையாத நிலம், விலையும் அப்படித்தான். சுரங்கச் சட்டத்தின் 145ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது, நீதிமன்றத்துக்கும் போகலாம். பாதிப்பு சுரங்கத்தால் வந்தது என்று காட்டும் வேலையில் முக்கால் ஹெக்டேர்க்காரர் தேய்ந்துபோவார். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிலக்கரி அனுமதி அதிகாரம் மாகாணத்திடமிருந்து ஜகார்த்தாவுக்குப் போய்விட்டது. முறையீட்டை எடுத்துக்கொண்டு போகும் தூரமும் அதோடு கூடிவிட்டது.

அதனால் விற்பதானால் ஒரே தண்ணீரில் நிற்கும் நிலம் முழுவதையும் ஒரே விலைப்பேச்சில் வைக்க வேண்டும். மேடு மட்டும் வேண்டும் என்றால் தர முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

குத்தகை, அல்லது டன்னுக்கு இவ்வளவு என்று 'ஃபீ' வாங்கிக்கொண்டு நிலத்தைத் தோண்ட விடுவது மூன்றாவது வழி. உரிமை கைவிட்டுப் போவதில்லை என்பது இதன் நல்ல பக்கம். ஆனால் திரும்பி வருவது கொடுத்த நிலம் அல்ல. மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, பாறையைக் குழியில் கொட்டி, அமிலப் பாறையை அடியில் புதைத்து, மேலே அந்த மண்ணைப் பரப்பினால்தான் மரமாவது வளரும். நெல் வயல் திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், தண்ணீர் பிடிக்கும் அடித்தளமே உடைந்துவிடுகிறது. டன் கணக்கு நிறுவனத்தின் எடைமேடையில் இருக்கிறது. கரி விலை இறங்கினால் வேலையை நிறுத்திவிடுவார்கள், உங்கள் நிலம் பாதி தோண்டியபடி கிடக்கும். ஒப்பந்தக்காரர் மாறுவதும் உண்டு. ரப்பர்த் தோட்டத்தின் வழியே போகும் கரி லாரிப் பாதைக்கான குத்தகை என்றால் யோசிக்கலாம்: தோண்டல் இல்லை, ஆண்டுத் தொகை முன்பணமாக, புழுதிக்குத் தண்ணீர் தெளிப்பது அவர்கள் பொறுப்பு. குழிக்காகக் குத்தகை என்றால் வேண்டாம்.

கடைசியாக, கொடுக்காமல் இருப்பது. என் மனம் இதன் பக்கம்தான். ஆனால் தனியாக ஒரு குடும்பம் இதைச் செய்ய முடியாது. வாய்க்காலின் தலைமடைக்காரர் விற்றுவிட்டால் கடைமடையில் நிற்பவரின் மறுப்புக்குப் பொருள் இல்லை. இதே வட்டாரத்து முலாவர்மன் கிராமத்தில் நடந்தது அதுதான்: வயல்கள் ஒவ்வொன்றாகச் சுரங்கத்துக்குப் போக, எஞ்சியவர்கள் எங்களை மொத்தமாக வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று அரசிடம் கேட்கும் நிலைக்கு வந்தார்கள். (முலாவர்மன் இந்தக் குத்தாய் நாட்டின் பழைய அரசன். அவன் கொடைகளைச் சொல்லும் யூபங்கள் என்ற வேள்வித் தூண்கள் நம் பல்லவ எழுத்தின் வகையில் பொறிக்கப்பட்டவை. அவன் பெயர் தாங்கிய ஊருக்கு இந்தக் கதி என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.)

கைவிடப்பட்ட குழிகளைப் பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் தங்குகிறவர்கள் அவற்றோடுதான் வாழப்போகிறார்கள். தண்ணீர் நிறைந்த பழைய குழி பச்சை நீலமாக, குளிக்கக் கூப்பிடுவது போல இருக்கும். கரை செங்குத்து, மண் வழுக்கும், கால் வைத்தால் ஆழம். 2011 முதல் கிழக்குக் கலிமந்தானில் இந்தக் குழிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். 'ஜாத்தாம்' என்ற சுரங்க எதிர்ப்பு அமைப்பு ஒவ்வொரு மரணத்தையும் கணக்கில் வைத்திருக்கிறது. குழியைச் சீரமைக்க நிறுவனங்கள் வைப்புத்தொகை கட்ட வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் அரசாணை சொல்கிறது. தொகை கட்டியது குழியை மூடியதாகாது.

அரசுக்கே கல் தேவைப்படும் இடத்தில் கதை வேறு. மத்திய ஜாவாவின் வாடாஸில் பெனெர் அணைக்காக ஆண்டிசைட் கல் வெட்ட முடிவானபோது கிராமத்தின் பெரும்பகுதி மறுத்தது. 2022 பிப்ரவரி 8 அன்று நில அளவைக்காரர்களோடு பெரும் போலீஸ் படை ஊருக்குள் வந்து அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சென்று மறுநாள் விட்டது. பொதுநலத் திட்டம் என்று பெயர் வந்தால் 2012ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் பேசும், இழப்பீட்டை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு நிலத்தை எடுக்கவும் அதில் வழி இருக்கிறது. தனியார் நிலக்கரிக்கு அந்தச் சட்டம் இல்லை. தெங்காரோங் செபராங் விவசாயியின் கையில் இருக்கும் துருப்பு அதுதான்.

எனவே வரிசை இப்படி வருகிறது. ஒரே வாய்க்காலில் நிற்கும் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து, கிராமக் கூட்டத்தில் எழுத்து மூலமாக மறுக்க முடிந்தால், கொடுக்காமல் இருப்பது முதல் வழி. தலைமடை ஏற்கெனவே போய்விட்டதென்றால் முழுவதையும் விற்று, மாற்று வயலோடு நகர்வது இரண்டாவது. பாதைக் குத்தகை மூன்றாவது. மேட்டை மட்டும் விற்பது எந்த நிலையிலும் வேண்டாம். மூத்த மகனின் லாரி வேலையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னேன். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பது, நிலம் போவது ஒரே தடவை. வீட்டில் அதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது, ஆனாலும் மறுத்துப் பேசவில்லை.

எந்த வழியானாலும் இன்றைக்கே செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன, வெடி வைக்கத் தொடங்கிய பிறகு செய்தால் மதிப்பில்லை. வீட்டுச் சுவர் ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வைப்பது. விரிசல் இருந்தால் அதன் குறுக்கே காகிதத் துண்டு ஒட்டி இரு முனையிலும் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுவது. காகிதம் கிழிந்தால் விரிசல் நகர்ந்தது. கிணற்றுக் கயிற்றில் முடிச்சுப் போட்டு மாதம் ஒரு முறை நீர்மட்டத்தை நோட்டில் எழுதுவது. வாய்க்கால் தண்ணீரின் பிஎச்சைக் காகிதப் பட்டையில் பார்த்து, தெருத் தலைவரான 'பாக் எர்த்தே'யின் கையெழுத்தோடு வைப்பது. பட்டை சமரிண்டாவில் மீன் வளர்ப்புச் சாமான் கடைகளில் கிடைக்கும்.

இபு, அதாவது வீட்டம்மா, பேச்சு நடந்த நேரமெல்லாம் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்பது 1974ஆம் ஆண்டின் திருமணச் சட்டம். அவர் கையெழுத்து இல்லாமல் அந்தப் பத்திரம் நிற்காது. நிலப் பிரிவு ஆள் அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. மறுமுறை வரும்போது அவரையும் உட்காரவைத்துத்தான் பேச வேண்டும் என்று சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். இபுவோ, "வயலை விட்டுவிட்டு மேட்டுக்கு மட்டும் பேசினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.